வீட்டுப்பாடம் உள்ள மதம்

தோர் யார் என்று நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால், மார்வெல் படத்தில் சுத்தியலைச் சுழற்றும் பொன்னிறக் கூந்தல்காரரைக் காட்டுவார்கள். பழைய நூல்களில் வரும் தோருக்குச் சிவந்த தாடி. இரண்டு ஆட்டுக்கடாக்கள் பூட்டிய தேரில் வருவார். பசித்தால் அந்தக் கடாக்களையே அறுத்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, தோலையும் எலும்பையும் சேர்த்துவைத்து மறுநாள் காலையில் உயிர்கொடுத்து எழுப்பிக்கொள்வார். இடியும் மழையும் அவர் பொறுப்பு. ஆங்கிலத்தில் வியாழக்கிழமை 'தர்ஸ்டே' ஆனது அவர் பெயரால்தான். ரோமானியர்கள் ஜூப்பிட்டருக்கு ஒதுக்கிய நாளை வட ஐரோப்பிய மக்கள் தங்கள் இடித் தெய்வத்துக்குக் கொடுத்தார்கள். நாமும் அதே நாளை அதே கோளின் பெயரால் வியாழன் என்றுதான் அழைக்கிறோம். குரு பகவானுக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்துகிறோம். புதன்கிழமை ஓடினுக்கு உரியது. வெள்ளிக்கிழமை ஓடினின் மனைவி ஃப்ரிக் அம்மைக்கு. வாரா வாரம் நாட்காட்டியில் இவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், தெரியாமலேயே.

இந்தத் தெய்வங்கள் திரைப்படத்தோடு நின்றுவிடவில்லை. ஐஸ்லாந்து, டென்மார்க், நார்வே, பிரிட்டன், அமெரிக்கா என்று பல நாடுகளில் இன்றும் இவர்களைக் கும்பிடும் குடும்பங்கள் இருக்கின்றன. கோடை வந்தால் காட்டோர முகாம்களில் மூன்று நான்கு நாள் ஒன்றுகூடுகிறார்கள். பகலில் பட்டறைகள், மாலையில் வழிபாடு, இரவில் கொம்புக் கோப்பையைக் கைமாற்றி வாக்குக் கொடுக்கும் சடங்கு. தங்களை 'ஹீதன்' என்று அழைத்துக்கொள்கிறார்கள்.

வசைச்சொல்லைப் பெயராக்கியவர்கள்

ஹீதன் என்ற சொல்லுக்கு வேதம் அறியாதவர், அஞ்ஞானி என்று பொருள். ஒரு காலத்தில் அது வசை. நம்மவர்களும் அந்த வசையை வாங்கியிருக்கிறார்கள். 1706-ல் டென்மார்க் அரசர் அனுப்பிய சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழை ஆழ்ந்து கற்றார், அச்சகம் அமைத்தார். அந்த அச்சகத்திலிருந்து 1713-ல் வெளிவந்த அவருடைய சிறுநூலின் பெயர் 'அக்கியானம்'. நம் பாட்டன் பூட்டன் கும்பிட்ட தெய்வங்களைப் பற்றிய கண்டனம் அது. அன்றைக்கு அதே டென்மார்க் அரசரின் ஆளுகையில்தான் ஐஸ்லாந்து தீவும் இருந்தது. இன்று டென்மார்க்கிலேயே பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்களின் 'ஃபோர்ன் சித்' என்ற அமைப்பு 2003-ல் அரசு அங்கீகாரம் பெற்ற சமயமாக இயங்குகிறது. பெயருக்குப் பொருள், பழைய வழக்கம்.

ஆனால் நமக்கும் அவர்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சீகன்பால்கு வந்தார், போனார். நம் ஊர்க் கோயில்களில் விளக்கு அணையவில்லை. தோட்டப்புறத்துக்குக் கப்பலேறி வந்தவர்கள்கூட முனீஸ்வரரையும் மாரியம்மனையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். வடக்கே அப்படி நடக்கவில்லை. அங்கே விளக்கு அணைந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இருட்டு.

ஐஸ்லாந்தில் அது அணைந்த விதமே ஒரு கதை. கி.பி. 1000-ஆம் ஆண்டை ஒட்டி, புதிய மதத்தாருக்கும் பழைய மதத்தாருக்கும் சண்டை மூளும் நிலை. நாட்டுப் பேரவை கூடும் திங்வெட்லிர் சமவெளியில் இரு தரப்பும் எதிரெதிரே நின்றன. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு தோர்கெய்ர் என்ற சட்டம் உரைப்பவரிடம் வந்தது. அவரே பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் படுத்து யோசித்தார். எழுந்து, நாட்டுக்கு ஒரே சட்டம், ஒரே மதம், அது கிறிஸ்துவம் என்றார். வீட்டுக்குள் ரகசியமாகப் பழைய தெய்வத்துக்குப் படைக்கலாம், ஆனால் சாட்சி இருந்தால் தண்டனை என்று முதலில் ஒரு சலுகை இருந்தது. சில ஆண்டுகளில் அதுவும் போயிற்று.

பன்னிரண்டு பேரும் ஒரு கவிஞரும்

பழைய தெய்வங்களைப் பற்றிய பாடல்களைத் தொகுத்த முக்கியமான சுவடி, 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்டது. 1662-ல் அது டென்மார்க் அரசருக்குப் பரிசாகப் போய்விட்டது. 1971 ஏப்ரலில் கோபன்ஹேகனிலிருந்து கப்பலில் திரும்பி வந்தபோது ரெய்க்யாவிக் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். ஒரு புத்தகத்தை வரவேற்க!

அடுத்த ஆண்டு, 1972-ல், அவர்கள் நாட்காட்டிப்படி கோடையின் முதல் நாளில், ரெய்க்யாவிக் நகரின் ஒரு ஹோட்டலில் 12 பேர் கூடி 'ஆஸாத்ரூஆர்ஃபெலாகித்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வாயில் நுழையாத பெயர்தான். 'ஆஸாத்ரூ' என்பது தெய்வங்கள் மீது கொண்ட நம்பிக்கை, 'ஃபெலாக்' என்பது சங்கம். தலைமைக் குரு ஸ்வெய்ன்பியோர்ன் பெய்ன்டெயின்சன். செம்மறியாடு வளர்த்த விவசாயி. மரபுக் கவிதையை ராகத்தோடு இழுத்துச் சொல்வதில் பேர்பெற்ற கவிஞர். நெஞ்சுவரை தொங்கும் வெண்தாடி.

அங்கீகாரம் கேட்டு அமைச்சரைப் பார்க்கப் போனார்கள். அமைச்சர் முதலில் வேடிக்கை என்றே நினைத்திருக்கிறார். அவர்கள் வெளியே வந்த சற்று நேரத்தில் இடி இடித்து, நகரத்தின் ஒரு பகுதியில் மின்சாரம் போனதாக ஐஸ்லாந்துக்காரர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 1973-ல் அங்கீகாரம் கிடைத்தது. திருமணம் நடத்தவும் பெயர் சூட்டவும் இறுதிச் சடங்கு செய்யவும் சட்டப்படி உரிமை வந்தது. ஏறத்தாழ 4 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் இன்று 5,000-க்கும் மேற்பட்டவர்கள் இதில் பதிவு செய்திருக்கிறார்கள். 2003 முதல் தலைமைக் குருவாக இருப்பவர் ஹில்மர் ஓர்ன் ஹில்மர்சன். திரைப்பட இசையமைப்பாளர், ஐரோப்பியத் திரைப்பட விருது பெற்றவர். நம் ஊரில் ஒரு இசையமைப்பாளர் தலைமைப் பூசாரியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மோசமாக இருக்காது.

ரெய்க்யாவிக் நகரின் ஓஸ்க்யூஹ்லித் குன்றில் அவர்கள் கோயில் கட்டத் தொடங்கியது 2015 மார்ச் 20. அன்று சூரிய கிரகணம். நம்மவர்கள் கோயில் நடையைச் சாத்தும் நேரத்தில் அவர்கள் பூமி பூசை போட்டார்கள். அதனாலோ என்னவோ, கட்டட வேலை நினைத்ததைவிடப் பல ஆண்டுகள் இழுத்துவிட்டது.

ஆகமம் இல்லாத பூசை

இவர்களுக்குள்ள பெரிய சிக்கல், பூசை முறையைச் சொல்லும் ஒரு நூல்கூட மிஞ்சவில்லை. கிடைத்த கதைகளும் பாடல்களும் பெரும்பாலும் மதம் மாறி இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு கிறிஸ்துவர்கள் எழுதிவைத்தவை. ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220-ஐ ஒட்டி எழுதிய 'எட்டா', அவருடைய அரசர் வரலாறு, குடும்பக் கதைகளான சாகாக்கள், வெளியூர்ப் பாதிரியார்களின் குறிப்புகள், புதைகுழிகளில் கிடைத்த பொருட்கள். இவற்றைக் கூட்டிப் பெருக்கித்தான் வழிபாட்டை உருவாக்க வேண்டும். அதனால் ஹீதன்கள் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்வார்கள்: எங்களுடையது வீட்டுப்பாடம் உள்ள மதம்.

எனக்கு இவர்களிடம் பிடித்தது ஒரு பழக்கம். ஒருவர் ஏதாவது சொன்னால், அது நூலில் இருக்கிறதா, உனக்குத் தோன்றியதா என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார். தோன்றியது என்றால் யாரும் இகழ்வதில்லை. ஆனால் அதை நூலில் உள்ளதாகச் சொல்லக் கூடாது. ஃப்ரேயா அம்மைக்கு ஸ்ட்ராபெரிப் பழம் பிடிக்கும் என்று பலரும் படைக்கிறார்கள். எந்தப் பழைய நூலிலும் அது கிடையாது. பலருக்குத் தனித்தனியே தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். அதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டுப் படைக்கிறார்கள். வாட்சாப்பில் வரும் 'அறிவியல் பூர்வமான' ஆன்மிகச் செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி நினைவுக்கு வருகிறது.

பகல் முழுவதும் பட்டறை

அமெரிக்காவில் 1987-ல் தொடங்கிய 'தி ட்ரோத்' அமைப்பு, 'ட்ரோத்மூட்' என்ற பெயரில் ஆண்டுக் கூடல் நடத்திவருகிறது. மூட் என்றால் பழைய ஆங்கிலத்தில் அவை. பிராந்திய அளவில் சிறிய கூடல்களும் உண்டு. இடம் மாறினாலும் வடிவம் ஏறத்தாழ ஒன்றுதான். வாடகைக்கு எடுத்த முகாம், மரக் குடில்கள், பொதுச் சமையல், குழந்தைகளுக்குத் தனி நிகழ்ச்சி, ஓர் ஓரத்தில் கைவினைக் கடைகள். முதல் வேலையாக அந்த மண்ணின் காவல் சக்திகளுக்குப் படையல். ஐஸ்லாந்து நாட்டின் அரச சின்னத்திலேயே காளை, பெரும்பறவை, டிராகன், மலைப்பூதம் என்று நான்கு காவல் சக்திகள் நிற்கின்றன. ஊர் எல்லையில் முனியாண்டியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பட்டறைகளில் கூட்டம் சேர்வது ரூன் எழுத்துக்குத்தான். பழைய வரிசையில் 24 எழுத்துகள், எட்டெட்டாக மூன்று அடுக்கு. வைக்கிங் காலத்தில் அது 16 ஆகக் குறைந்தது. சிறு கத்தியும் மரத்துண்டும் கொடுத்துச் செதுக்கச் சொல்வார்கள். செதுக்கினால்தான் ஒன்று புரியும்: ரூன் எழுத்தில் வளைவு கிடையாது, படுக்கைக் கோடும் கிடையாது. எல்லாம் நிமிர்ந்த கோடு அல்லது சாய்ந்த கோடு. மரத்தின் நாரோட்டத்தில் படுக்கைக் கோடு போட்டால் மரம் பிளக்கும், கோடும் தெரியாது. நம் ஓலைச்சுவடியில் நேர்கோடு போட்டால் ஓலை கிழியும் என்பதால் எழுத்து உருண்டது என்பார்கள். அவர்களுக்கு மரம், நமக்கு ஓலை.

வரிசையின் முதல் எழுத்துக்கு 'ஃபெஹு' என்று பெயர். பொருள் கால்நடை, அதனால் செல்வம். தமிழிலும் மாடு என்றால் செல்வம். திருக்குறள் படித்தவர்களுக்குத் தெரியும். மாட்டைக் கொண்டு செல்வத்தை அளந்த இரண்டு சமூகங்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

ரூன் போட்டுக் குறி பார்ப்பதும் உண்டு. கி.பி. 98-ஐ ஒட்டி ரோமானியரான டாசிட்டஸ், ஜெர்மானியர்கள் மரக்கிளையைச் சிறு துண்டுகளாக வெட்டி, குறியிட்டு, வெள்ளைத் துணியில் வீசி, மூன்றை எடுத்துப் பலன் சொல்வார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்தக் குறிகள் ரூன் எழுத்துகள்தானா என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. கடையில் விற்கும் ரூன் கல் பெட்டிகளில் எழுத்தே இல்லாத ஒரு வெற்றுக் கல்லும் இருக்கும். அது 1982-ல் ரால்ஃப் பிளம் என்ற எழுத்தாளரின் புத்தகத்தோடு பரவியது. பட்டறையில் யாராவது அதை எடுத்து வைத்தால் ஆசிரியர் முகம் சுளிக்கும்.

அடுத்து, தேன்மது காய்ச்சுதல். காய்ச்சுதல் என்றாலும் அடுப்புக்கு அதிக வேலையில்லை. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ தேனைத் தண்ணீரில் கரைத்து நான்கரை லிட்டராக்கி, ஈஸ்ட் சேர்த்து, காற்று வெளியே போகலாம், உள்ளே வரக் கூடாது என்றபடி மூடி வைக்க வேண்டும். சில வாரம் குமிழி விடும். பிறகு தெளிய விட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு 'மீட்' என்று பெயர். வடமொழியிலிருந்து நமக்கு வந்த 'மது'வும் இந்த 'மீட்'டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். வடமொழி 'மது'வுக்குத் தேன் என்ற பொருளும் உண்டு.

இவை தவிர, ஒற்றை ஊசியால் கம்பளி முடையும் பழைய முறை, துளையிட்ட சிறு பலகைகளைத் திருப்பித் திருப்பி நாடா நெய்வது, பழைய நோர்ஸ் மொழி, இறுதிச் சடங்கை எப்படி வடிவமைப்பது என்று பலவும் உண்டு. கடைசியாகச் சொன்ன பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நடுவயதினர். தாய் தந்தை கிறிஸ்துவர், தான் ஹீதன். நாளை தனக்கு ஏதாவது ஆனால் யார், எந்த முறையில் செய்வது? மரபு அறுந்த இடத்தில் இந்தக் கவலை கூர்மையாக இருக்கும்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது நாடகம். தோரின் சுத்தியலை ஓர் அரக்கன் திருடிவிடுகிறான். ஃப்ரேயாவை மணமுடித்துக் கொடுத்தால் திருப்பித் தருவதாகச் சொல்கிறான். ஃப்ரேயா மறுத்துவிட, தோரே முக்காடு போட்டு மணப்பெண்ணாகப் போகிறார். விருந்தில் ஒரு முழுக் காளையையும் எட்டு சால்மன் மீனையும் மூன்று பீப்பாய் மதுவையும் தீர்க்கிறார். மாப்பிள்ளை மிரள்கிறான். தோழியாக வந்த லோகி, உங்களை நினைத்து ஏங்கி எட்டு நாளாகப் பெண் சாப்பிடவில்லை என்று சமாளிக்கிறான். மணப்பெண்ணை ஆசீர்வதிக்கச் சுத்தியலை மடியில் வைத்ததும் முடிந்தது கதை. ஆறடி உயரத் தாடிக்காரர் ஒருவர் மேசைத் துணியை முக்காடாகப் போட்டு நடித்தால் எந்தக் குழந்தை தூங்கும்?

மனம் ஒரு நிலைக்குப் போய்க் குறி சொல்லும் 'செய்த்' சடங்குக்கும் பட்டறை உண்டு. கலிஃபோர்னியாவில் வாழும் நாவலாசிரியர் டயானா பாக்ஸன் 1980-களின் பிற்பகுதியிலிருந்து இதை மீட்டெடுத்துக் கற்பித்துவந்தவர். மூலம், சிவந்த எரிக் என்பவரின் சாகாவில் வரும் ஒரு காட்சி. கிரீன்லாந்தில் பஞ்சம். தோர்பியோர்க் என்ற குறிகாரியை அழைக்கிறார்கள். கல் பதித்த நீல மேலங்கி, பூனைத்தோல் கையுறை, பித்தளைக் குமிழ் வைத்த கோல் என்று வருகிறார். உயர்ந்த ஆசனத்தில் ஏறி உட்கார்ந்ததும், காவல் சக்திகளை அழைக்கும் பாட்டு தெரிந்த பெண் யார் என்று கேட்கிறார். ஊரில் யாருக்கும் தெரியவில்லை. குத்ரித் என்ற இளம்பெண் மட்டும், சின்ன வயதில் வளர்ப்புத்தாய் கற்றுக்கொடுத்தாள், ஆனால் நான் கிறிஸ்துவப் பெண், பாட மாட்டேன் என்கிறாள். வற்புறுத்திய பிறகு பாடுகிறாள். அத்தனை அழகாக அந்தப் பாட்டை யாரும் கேட்டதில்லையாம். பஞ்சம் நீங்கும் என்று குறி வருகிறது. பாட்டு என்ன என்பதை மட்டும் எழுதியவர் எழுதிவைக்கவில்லை. பட்டறைக்கு வருகிறவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கொம்பு கைக்கு வரும்போது

முக்கிய வழிபாட்டுக்குப் பெயர் 'ப்ளோட்', அதாவது படையல். திறந்த வெளியில் கயிறு கட்டி ஓர் இடத்தை ஒதுக்குகிறார்கள். எல்லாரும் வட்டமாக நிற்க, குரு தெய்வத்தை அழைக்கிறார். மாட்டுக் கொம்பில் தேன்மது சுற்றி வருகிறது. ஒவ்வொருவரும் கொம்பை உயர்த்தித் தனக்குத் தோன்றியதைச் சொல்லி, ஒரு மிடறு பருகிவிட்டு அடுத்தவரிடம் கொடுக்கிறார். மிச்சத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, மரக்கிளையால் தொட்டு எல்லார் மீதும் தெளித்து, கடைசியில் மரத்தடியில் ஊற்றுகிறார்கள். பழைய காலத்தில் தெளித்தது பலி கொடுத்த விலங்கின் இரத்தம். இன்று பெரும்பாலும் மதுதான். ஐஸ்லாந்து சங்கத்தில் விலங்குப் பலி இல்லை.

ஸ்னோரியின் அரசர் வரலாற்றில் இதைப் பற்றிய ஒரு வேடிக்கையான இடம் உண்டு. ஹாகோன் என்ற நார்வே மன்னர் கிறிஸ்துவர். குடிமக்கள் பழைய மதம். ப்ளோட்டில் கலந்துகொள்ளாவிட்டால் மன்னராக ஏற்க மாட்டோம் என்கிறார்கள். கொம்பை வாங்கியவர் அதன் மேல் சிலுவைக் குறி போட்டுவிடுகிறார். கூட்டம் முணுமுணுக்கிறது. பக்கத்திலிருந்த சிகுர்த் பிரபு, மன்னர் போட்டது தோரின் சுத்தியல் குறி என்று சொல்லிக் காப்பாற்றுகிறார். மறுநாள் குதிரை இறைச்சி சாப்பிடச் சொல்கிறார்கள். கொப்பரையின் கைப்பிடியில் துணியைச் சுற்றி, அதன் மேல் வாயைத் திறந்து காட்டிவிட்டு மன்னர் திரும்பி வருகிறார். இரு தரப்புக்கும் திருப்தியில்லை என்று ஸ்னோரி முடிக்கிறார்.

இரவில் நடப்பது 'சும்பல்'. இங்கே வட்டம் கிடையாது, மண்டபத்தில் அமர்ந்திருப்பார்கள். வழக்கமாக மூன்று சுற்று. முதல் சுற்று தெய்வங்களுக்கு. இரண்டாவது முன்னோருக்கு. ஒருவர் பாட்டியின் ரொட்டியைப் பற்றிச் சொல்வார், ஒருவர் போன மாதம் இறந்த அண்ணனின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கொம்பைக் கொடுத்துவிடுவார். அந்தச் சுற்றில் கண் கலங்காமல் யாரும் எழுவதில்லை என்கிறார்கள். மூன்றாவது சுற்றில் சாதித்ததைப் பெருமையாகச் சொல்லலாம், நன்றி சொல்லலாம், சபதம் எடுக்கலாம்.

சபதம்தான் ஆபத்தான இடம். கொம்பின் மேல் சொன்ன சொல் விதியின் கிணற்றில் விழுந்துவிட்டது. எடுக்க முடியாது என்பது நம்பிக்கை. சபதம் தவறினால் சொன்னவருக்கு மட்டுமல்ல, கேட்டுக்கொண்டு சும்மா இருந்த அத்தனை பேரின் அதிர்ஷ்டத்துக்கும் குறை. அதனால் பல இடங்களில் 'தைல்' என்று ஒருவரை நியமிக்கிறார்கள். அடுத்த கூடலுக்குள் புத்தகம் எழுதி முடிக்கிறேன் என்று யாராவது ஆவேசமாகச் சொன்னால் அவர் எழுந்து கேட்பார்: எத்தனை பக்கம் எழுதியிருக்கிறாய்? முடிக்காவிட்டால் ஈடாக என்ன தருவாய்? சிலர் அங்கேயே சபதத்தைச் சின்னதாக்கிக்கொள்வார்கள். இந்தச் சங்கடமே வேண்டாம் என்று சில வீடுகளில் சபதத்துக்குத் தடையே உண்டு.

குடிக்காதவர்கள் என்ன செய்வார்கள்? கொம்பை உயர்த்தி, உதட்டால் தொட்டு, அடுத்தவருக்குக் கொடுக்கலாம். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர்களுக்காக ஆப்பிள் சாறு நிரப்பிய இரண்டாவது கொம்பைக் கூடவே அனுப்பும் வழக்கமும் பரவியிருக்கிறது. மதுவை மையமாக வைத்த சடங்கில் மது அருந்தாதவருக்கும் சம இடம் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் நெடுநாள் விவாதம். கோவிட் வந்த பிறகு, ஒரே கொம்பில் வாய் வைப்பதற்குப் பதில் அவரவர் குவளையில் ஊற்றிக்கொள்ளும் முறையும் சேர்ந்துகொண்டது.

இந்த வட்டம் யாருக்கு?

இவ்வளவு படித்துவிட்டு, இது வெள்ளைக்காரர்களின் குலச்சடங்கு, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைக்கும் ஹீதன்களும் இருக்கிறார்கள். இந்த இயக்கத்தை இரண்டாகப் பிளந்திருக்கும் கேள்வியே அதுதான். தெய்வம் இரத்த வழியில் வருகிறதா, அல்லது அழைத்தவர் யாராயினும் வருமா?

நாஜிகள் ரூன் எழுத்தைத் தங்கள் படைக்குச் சின்னமாக்கினார்கள். 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கொம்புத் தொப்பியோடு நுழைந்தவரின் உடம்பில் தோரின் சுத்தியல் பச்சை குத்தியிருந்தது. (வைக்கிங் வீரர்கள் கொம்புத் தொப்பியோடு போருக்குப் போனதில்லை. 1876-ல் வாக்னரின் இசை நாடகத்துக்குத் தைத்த உடை அந்தப் பிம்பத்தைப் பரப்பியது.) கழுத்தில் சுத்தியல் பதக்கம் அணிந்து வேலைக்குப் போகும் ஒரு சாதாரண ஹீதனை, சக ஊழியர் இனவெறியரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தால் குறை சொல்ல முடியாது. பூசையறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வரைந்த ஸ்வஸ்திகாவை வெளிநாட்டு நண்பருக்கு விளக்க வேண்டிவந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வலி தெரியும்.

2016-ல் 'ஆஸாத்ரூ ஃபோக் அசெம்ப்ளி' என்ற அமெரிக்க அமைப்பு, வெள்ளை இனத்தையும் மரபான ஆண் பெண் பாத்திரங்களையும் மட்டும் போற்றும் கருத்தை வெளிப்படையாகவே அறிவித்தது. பதிலுக்குப் பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஹீதன் அமைப்புகள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டு அந்த அமைப்போடு உறவை முறித்துக்கொண்டன. அறிக்கைக்குப் பெயர் 'பிரகடனம் 127'. ஓடின் சொன்னதாகக் கருதப்படும் பழைய நீதிப்பாடலில் 127-ஆவது செய்யுள், தீமையைக் கண்டால் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்கிறது. எண் அங்கிருந்து வந்தது. 2020-ல் அதே அமைப்பு மின்னசோட்டா மாநிலத்தின் மர்டொக் என்ற சிற்றூரில் ஒரு பழைய தேவாலயத்தை வாங்கியபோது ஊர்க்காரர்கள் பலர் எதிர்த்தார்கள். சமய உரிமை வழக்கு வரும் என்று அஞ்சிய ஊர் மன்றம் அனுமதி கொடுத்தது.

ஐஸ்லாந்துக்காரர்களையும் இது விடவில்லை. ஒரே பாலினத்தவருக்குத் திருமணம் நடத்திவைக்கிறார்கள் என்பதற்காக, வெளிநாட்டிலுள்ள சில ஹீதன்களே அவர்களுக்கு வெறுப்புக் கடிதங்கள் அனுப்பினார்கள். கடிதம் எழுதியவர்களில் பலர் ஐஸ்லாந்தைப் பார்த்திருக்கவும் மாட்டார்கள். பழைய மரபைக் காப்பாற்றுகிறோம் என்று, அந்த மரபு பிறந்த மண்ணில் வாழ்கிறவர்களையே மிரட்டுவது வினோதம்தான். நம்மிடையே அப்படி யாரும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை.

இன்று பெரிய கூடல்களில் நுழைவுப் படிவத்திலேயே நடத்தை விதிகள் இருக்கின்றன. வெறுப்புச் சின்னம், இனப் பேச்சு இருந்தால் உடனே வெளியேற்றம். கூடியிருக்கும் நாட்களில் ஒருவருக்கொருவர் காக்க வேண்டிய அமைதிக்கு 'ஃப்ரித்' என்று பெயர். முதலில் அந்தச் சொல்லைக் காட்டியே தொல்லை கொடுப்பவர்களைச் சகித்துக்கொண்டார்கள். சண்டை வேண்டாம், ஃப்ரித் கெடும் என்று. பிறகுதான், உள்ளே இருக்கும் பலவீனரைக் காப்பாற்றாமல் வாயை மூடிக்கொண்டிருப்பதற்குப் பெயர் ஃப்ரித் அல்ல என்று பேசத் தொடங்கினார்கள். தத்தெடுக்கப்பட்டவர்கள், கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகள், கறுப்பின ஹீதன்கள் ஆகியோரும் சும்பலின் இரண்டாவது சுற்றில் தங்கள் முன்னோரின் பெயரைச் சொல்கிறார்கள். அந்தப் பெயர்கள் நோர்ஸ் பெயர்களாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

ஐஸ்லாந்து சுற்றுலாவுக்குத் திட்டமிடுபவர்கள் எப்படியும் திங்வெட்லிர் போவார்கள். கி.பி. 930-ல் பேரவை தொடங்கிய இடம் அது. வட அமெரிக்க, யூரேசிய நிலத்தட்டுகள் விலகிக்கொண்டிருக்கும் பிளவுகளையும் அங்கே நடந்தே பார்க்கலாம். பழைய பேரவை கூடிய கணக்குப்படி, கோடையின் பத்தாவது வாரத்தில், ஜூன் பிற்பகுதியில், ஆஸாத்ரூ சங்கத்தார் அங்கே கூடிப் ப்ளோட் நடத்துகிறார்கள். தோர்கெய்ர் போர்வைக்குள் படுத்து யோசித்த அதே சமவெளி. அது நடப்பது வியாழக்கிழமை. குளிரும் காற்றும் இருக்கும். கம்பளி எடுத்துச் செல்லுங்கள்.